டைரக்டரிக்குள் என்ன இருக்கிறது? சி மொழியில் படிக்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் மாலை நேரத்தில் சி மொழியும் லினக்ஸும் சொல்லித் தருகிறேன். கோத்தகிரி, அரவேணு, ஊட்டி பக்கமிருந்து வருகிறவர்கள் எழுதிப் பார்க்கும் ப்ரோகிராம்கள் பெரும்பாலும் இந்த ஊருக்கு வேண்டியவை. தேயிலை எடை போடும் இடத்தில் சேரும் சீட்டு ஃபைல்களைக் கூட்டுவது, மழைமானியின் தினப் பதிவுகளைச் சேர்ப்பது, காட்டில் கட்டிய கேமராவின் கார்டிலிருந்து படங்களைப் பிரிப்பது. எல்லாவற்றுக்கும் முதல் படி ஒரு டைரக்டரியைத் திறந்து உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்ப்பதுதான். அதில் எல்லோருக்கும் ஒரே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடமெல்லாம் லினக்ஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

1. சார், டைரக்டரின்னா உண்மையில என்னங்க? ஃபைல் எல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு?

உள்ளே ஃபைல்கள் இல்லை, பெயர்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் ஐநோடு எண். ஃபைலின் அளவு, தேதி, யாருடையது, யார் படிக்கலாம், தரவு டிஸ்கில் எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் ஐநோடில் இருக்கும். இலை வாங்கும் இடத்தில் வைத்திருக்கும் பெயர்ப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: அதில் விவசாயியின் பெயரும் கணக்கு எண்ணும் மட்டும் இருக்கும், எத்தனை கிலோ, எவ்வளவு பணம் என்பதற்கு வேறு லெட்ஜரைத்தான் புரட்ட வேண்டும்.

1979-ல் வந்த யூனிக்ஸ் 7-ம் பதிப்பில் இது கண்ணால் பார்க்கும்படியே இருந்தது. ஒரு பெயருக்கு 16 பைட். முதல் 2 பைட் ஐநோடு எண், மீதி 14 பைட் பெயர். எண் 0 என்றால் அந்த இடம் காலி. இன்றைய ஃபைல் சிஸ்டங்கள் (டிஸ்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகள்) எவ்வளவோ சிக்கலாகிவிட்டாலும் அடிப்படை மாறவில்லை. கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல், பெயரை ஃபைல் என்று நினைத்துக்கொள்வதால் வருபவை.

2. அப்போ சாதாரண ஃபைல் மாதிரியே ஓபன், ரீட் போட்டுப் படிச்சுட்டா என்ன?

அந்தக் காலத்தில் அப்படித்தான் படித்தார்கள். 16 பைட், 16 பைட்டாக எடுத்தால் வேலை முடிந்தது. 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை, பெயர்களை 255 பைட் வரை நீள விட்டது. பதிவுகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறானதும், பைட் அமைப்பை ஒவ்வொரு ப்ரோகிராமும் தெரிந்து வைத்திருப்பது நடக்காத காரியமாயிற்று. ஓபன்டிர், ரீட்டிர் என்ற லைப்ரரி ஃபங்ஷன்கள் அதோடுதான் வந்தன.

இன்று லினக்ஸில் டைரக்டரியைப் படிக்க மட்டும் என்று ஓபன் செய்தால் திறக்கும். ரீட் போட்டால் 21-ம் எண் பிழை வரும், ‘இது டைரக்டரி’ என்று அர்த்தம். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டங்கள் எல்லாம் டைரக்டரியை டிஸ்கில் வைக்கும் முறை வேறு வேறு. அந்த வேறுபாட்டை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தன்னிடம் வைத்துக்கொண்டு நமக்கு ஒரே வடிவத்தில் தருகிறது. இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

3. சரி, எந்த ஃபங்ஷனை எந்த வரிசையில கூப்பிடணும்?

ஓபன்டிர் ஒரு முறை, ரீட்டிர் ஒரு லூப்பில், கடைசியில் க்ளோஸ்டிர். ரீட்டிர் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்ட்ரக்சருக்கான பாயின்டரைத் தரும். அதில் பெயர் டி_நேம் என்ற இடத்திலும், ஐநோடு எண் டி_இனோ என்ற இடத்திலும் இருக்கும்.

அந்தப் பாயின்டர் உங்களுக்குச் சொந்தமில்லை. அடுத்த ரீட்டிர் அதே இடத்தில் வேறு பெயரை எழுதலாம். க்ளோஸ்டிர் செய்தபின் அதைத் தொடவே கூடாது. பாயின்டர்களை மட்டும் ஒரு அரேயில் சேர்த்துவிட்டு, கடைசியில் பார்த்தால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, குப்பையாக வருகிறது என்று சொல்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பெயர் வேண்டுமென்றால் நகலெடுத்து வையுங்கள். அந்தப் பாயின்டரை ஃப்ரீ செய்யவும் கூடாது.

4. ஒரு புள்ளி, ரெண்டு புள்ளின்னு ரெண்டு பேரு வருதே, அது எதுக்கு?

ஒரு புள்ளி இந்த டைரக்டரியையும் இரண்டு புள்ளி இதற்கு மேலே உள்ளதையும் குறிக்கும். உள்ளே உள்ளே போகும் ப்ரோகிராமில் இவற்றைத் தாண்டாவிட்டால் அதே இடத்துக்கே திரும்பத் திரும்ப நுழைந்து, பாதையின் நீளம் 4096 பைட்டைத் தொடும்போதுதான் கெர்னல் நிறுத்தும்.

முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்துத் தாண்டாதீர்கள். மறைவு ஃபைல்களும் புள்ளியில்தான் தொடங்கும், அவையும் விட்டுப்போகும். முழுப் பெயரையும் ஒப்பிடுங்கள். இந்த இரண்டும் முதலிலேயே வரும் என்று எந்த உறுதியும் இல்லை. முதல் இரண்டு பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிற ப்ரோகிராம் ஒரு நாள் உண்மையான ஃபைலைத் தள்ளிவிடும்.

5. ரீட்டிர் நல் குடுத்தா முடிஞ்சிருச்சுன்னு எடுத்துக்கலாமா?

முடிந்தாலும் நல்தான் (எதையும் காட்டாத வெற்றுப் பாயின்டர்), பிழை வந்தாலும் நல்தான். ஒவ்வொரு ரீட்டிருக்கும் முன்னால், பிழை எண் வந்து சேரும் மாறியான எர்நோவை 0 ஆக்குங்கள். நல் வந்தபின் அது 0 ஆகவே இருந்தால் முடிந்தது, மாறியிருந்தால் பிழை. லூப்புக்கு வெளியே ஒரு தடவை 0 ஆக்கினால் போதாது, ஏனென்றால் நடுவில் நீங்கள் கூப்பிடும் வேறு ஃபங்ஷன்களும் எர்நோவை மாற்றும்.

6. எல்எஸ் போட்டா அழகா வரிசையா வருது, என் ப்ரோகிராம்ல மட்டும் கலைஞ்சு வருதே, ஏன்?

வரிசைப்படுத்துவது எல்எஸ் கமாண்ட் தானாகச் செய்யும் வேலை. கெர்னல் எந்த வரிசைக்கும் உறுதி தருவதில்லை. எக்ஸ்ட்4-ல் பெயரின் ஹாஷ் மதிப்புப்படி (பெயரின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் ஓர் எண்) வரும். அந்த ஹாஷுக்கு ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்திலும் தனி விதை எண் உண்டு. அதனால் அதே ஃபைல்களை இரண்டு டிஸ்குகளில் போட்டாலும் வரிசை மாறும். எடைச் சீட்டுகளில் கடைசியாக வந்த பெயர்தான் புதிய சீட்டு என்று எடுத்துக்கொள்வது இதனால்தான் தவறாகிறது.

வரிசை வேண்டுமென்றால் பெயர்களைச் சேர்த்துக்கொண்டு நீங்களே வரிசைப்படுத்துங்கள். தமிழ்ப் பெயர்களானால் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். வெறும் பைட் ஒப்பீட்டில் யூனிகோடு எண்ணின் வரிசைதான் வரும், அகரவரிசை வராது. யூனிகோடில் ற, ல-வுக்கு முன்னால் இருக்கிறது. ன, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. ஆகவே ‘மறை’ முதலிலும் ‘மலை’ அதற்குப் பின்னும் வரும், ‘மனை’ ‘மரம்’ என்பதை முந்திக்கொள்ளும். நம் அகரவரிசையில் இரண்டுமே தலைகீழ். லொக்கேலை (மொழி வழக்கங்களுக்கான அமைப்பு) அமைத்துவிட்டு எஸ்டிஆர்கால் என்ற ஒப்பீட்டு ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள், அந்த மெஷினில் தமிழ் லொக்கேல் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

7. பேரு சரியா வருதுங்க, ஆனா ஸ்டாட் போட்டா அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது!

டி_நேமில் வருவது வெறும் பெயர், பாதை இல்லை. ஐநோடில் உள்ள விவரங்களைக் கேட்டு வாங்கும் ஃபங்ஷனான ஸ்டாட், அந்தப் பெயரை ப்ரோகிராம் ஓடும் இடத்தில் தேடும். ஃபைலோ வேறு டைரக்டரியில் இருக்கும். புள்ளியைத் திறந்து சோதிக்கும்வரை எல்லாம் சரியாக ஓடி, வேறு டைரக்டரியைக் கொடுத்ததும் உடைவது இதற்கு அடையாளம். பாதையையும் பெயரையும் ஒட்டி நீளச் சரம் செய்வது ஒரு வழி. எனக்குப் பிடித்த வழி எஃப்ஸ்டாட்அட்: டிர்எஃப்டி என்று கேட்டு, திறந்த டைரக்டரியின் டிஸ்கிரிப்டரை (திறந்ததற்குக் கெர்னல் தரும் அடையாள எண்) வாங்கி, அதையும் பெயரையும் கொடுத்தால் போதும். ஏன் பிடிக்கும் என்பதற்கான காரணம் 14-ல் வருகிறது.

‘இல்லை’ என்று வராமல் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் கதை வேறு. டைரக்டரியில் படிக்கும் அனுமதி இருந்தால் பெயர்களைப் பட்டியலிடலாம். அந்தப் பெயரின் ஐநோடு வரை போக எக்ஸிக்யூட் அனுமதி வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் பெயர் தெரியும், அளவு தெரியாது. இரண்டாவது மட்டும் இருந்தால் பட்டியல் கிடைக்காது, ஆனால் பெயர் ஏற்கெனவே தெரிந்த ஃபைலைத் திறக்கலாம். 1-ல் சொன்ன பிரிவினை இங்கே அப்படியே தெரியும்.

8. எது ஃபைல், எது டைரக்டரின்னு டி_டைப் பார்த்தாலே போதாதா அண்ணா?

பெரும்பாலும் போதும். 8 என்றால் சாதாரண ஃபைல், 4 என்றால் டைரக்டரி, 10 என்றால் சிம்பாலிக் லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் ஃபைல்). ஒவ்வொன்றுக்கும் ஸ்டாட் போடும் செலவு மிச்சம். ஆனால் 0 வரலாம். ‘தெரியாது’ என்று அர்த்தம். ஃபைல் வகையைப் பெயரோடு சேர்த்து வைக்காத பழைய எக்ஸ்எஃப்எஸ் டிஸ்குகளில் அப்படி வரும். 0 வந்தால் எஃப்ஸ்டாட்அட் போட்டுக் கேளுங்கள். 0-வைக் கவனிக்காத ப்ரோகிராம் உங்கள் லேப்டாப்பில் ஓடும், வேறொருவரின் டிஸ்கில் எல்லா ஃபைலையும் பேசாமல் விட்டுவிடும்.

9. ரீட்டிருக்கு அடியில என்ன நடக்குது? கெர்னல்கிட்ட நேரா கேக்க முடியுமா?

முடியும். ரீட்டிர் ஒவ்வொரு தடவையும் கெர்னலிடம் போவதில்லை. கெட்டென்ட்ஸ்64 என்ற சிஸ்டம் கால் (கெர்னலிடம் நேராகக் கேட்கும் அழைப்பு) மூலம் ஒரு பஃபர் (தற்காலிக நினைவிடம்) நிறையப் பதிவுகளை வாங்கி வைத்துக்கொண்டு, நமக்கு ஒவ்வொன்றாக எடுத்துத் தருகிறது. எல்எஸ்ஸை எஸ்ட்ரேஸ் (சிஸ்டம் கால்களைக் காட்டும் கருவி) கீழ் ஓட்டிப் பாருங்கள்: 32768 பைட் பஃபரோடு இந்த அழைப்பு போவதும், கடைசியில் 0 திரும்புவதும் தெரியும். 0 என்றால் தீர்ந்தது. இன்டெல், ஏஎம்டி 64-பிட் மெஷின்களில் இதன் எண் 217. 64-பிட் ராஸ்பெர்ரி பையில் 61. லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.30-லிருந்து (2019) இதற்கு நேரடி ஃபங்ஷனே இருக்கிறது. அதற்கு முன் சிஸ்கால் ஃபங்ஷன் வழியாகத்தான் கூப்பிட வேண்டும்.

ஒவ்வொரு பதிவின் அமைப்பு இது: ஐநோடு எண் 8 பைட், டி_ஆஃப் 8 பைட், டி_ரெக்லென் என்ற பதிவின் நீளம் 2 பைட், டி_டைப் 1 பைட். ஆக 19 பைட் கழித்துப் பெயர் தொடங்கும், ஒரு பூஜ்ய பைட்டோடு முடியும். பிறகு 8-ன் மடங்குக்கு நிரப்பப்படும். ‘கோத்தகிரி’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 9 யூனிகோடு குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 27. 19-ஐயும் 27-ஐயும் பூஜ்யத்துக்கான 1-ஐயும் கூட்டினால் 47. பதிவு 48 பைட் பிடிக்கும்.

அடுத்த பதிவுக்குப் போக டி_ரெக்லென் எவ்வளவோ அவ்வளவு நகர வேண்டும். ஸ்ட்ரக்சரின் சைஸ்ஆஃப் மதிப்பால் நகர்ந்தாலும் பெயரின் நீளத்தால் நகர்ந்தாலும் பதிவின் நடுவில் போய் இறங்குவீர்கள். ஒரு பதிவுகூடக் கொள்ளாத அளவுக்குப் பஃபர் சிறிதாக இருந்தால் 22-ம் எண் பிழை வரும். பஃபரின் தொடக்கம் 8 பைட் எல்லையில் இருக்கும்படி அறிவிப்பதும் நல்லது.

10. டி_ஆஃப்னு ஒண்ணு இருக்கே, அதை வச்சு பத்தாவது ஃபைலுக்கு நேரா தாவலாமா?

கூடாது. அது பைட் கணக்கும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. ‘இங்கிருந்து தொடரு’ என்று கெர்னலிடமே திருப்பிக் கொடுப்பதற்கான அடையாளம். எக்ஸ்ட்4-ல் அது 6-ல் சொன்ன ஹாஷிலிருந்து வருகிறது. இப்போதைய இடத்தைச் சொல்லும் டெல்டிர் தந்ததை, அதே டைரக்டரி திறந்திருக்கும்போது, அந்த இடத்துக்குத் திரும்பும் சீக்டிருக்குக் கொடுக்கலாம். அதோடு சரி, அதில் கூட்டல் கழித்தல் செய்யாதீர்கள்.

11. நான் படிச்சுட்டு இருக்கும்போதே இன்னொரு ப்ரோகிராம் ஃபைலைச் சேர்த்தா, அழிச்சா?

நீங்கள் திறந்தபின் சேர்ந்த பெயரும் அழிந்த பெயரும் பட்டியலில் வரலாம், வராமலும் போகலாம்; யூனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரம் இதை நிச்சயிக்காமல் விட்டிருக்கிறது. 9-ல் சொன்ன பஃபரை நினைத்தால் காரணம் புரியும். கெர்னல் கொடுத்த பெயர்கள் உங்கள் நினைவகத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே பெயர் கிடைத்தபின் திறக்கப்போனால் ஃபைல் இல்லாமலிருப்பது சாதாரணம். அதற்காக ப்ரோகிராமை நிறுத்தாமல் அடுத்ததற்குப் போங்கள்.

எடை மெஷின் பாதி எழுதிய சீட்டை நீங்கள் படித்துவிடும் பிரச்சினைக்கு எழுதுகிற பக்கம்தான் மருந்து உண்டு. தற்காலிகப் பெயரில் முழுக்க எழுதி முடித்துவிட்டு, அதே டைரக்டரிக்குள் ரீநேம் செய்ய வேண்டும். படிக்கும் ப்ரோகிராம் தற்காலிகப் பெயர்களைத் தாண்டிவிட வேண்டும். படித்துக்கொண்டே அழிப்பதாக இருந்தால், பெயர்களை முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் அழியுங்கள். எல்லாச் சிஸ்டத்திலும் நம்பக்கூடிய வழி அதுதான்.

12. ‘கொடைக்கானல்’னு ரெண்டு ஃபைல் ஒரே டைரக்டரியில இருக்குங்க! இது எப்படி சாத்தியம்?

கெர்னலுக்கு எழுத்தே தெரியாது, பைட்தான் தெரியும். சாய்வுக்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர எதுவும் பெயரில் வரலாம். யூனிகோடில் ‘கொ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வும் ஒகரக் குறியும் ஒன்றாக, அல்லது க, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் இரண்டும் ஒன்றே. முதல் முறையில் ‘கொடைக்கானல்’ 33 பைட், இரண்டாவதில் 36 பைட். எக்ஸ்ட்4 வழக்கமான அமைப்பில் இவற்றை வெவ்வேறு பெயராகவே வைத்துக்கொள்ளும். ஓகாரமும் ஔகாரமும் வரும் பெயர்களிலும் இதேதான், கோத்தகிரியும் தப்பாது.

பழைய ஆப்பிள் மெஷின்களின் எச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றித்தான் சேமிக்கும். அங்கிருந்து நகலெடுத்து வந்த ஃபைலும் இங்கே தட்டச்சு செய்த ஃபைலும் இப்படித்தான் இரட்டையாகின்றன. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், ஆனால் ஃபைலைத் திறக்கும்போது டி_நேமில் வந்த பைட்டுகளை மாற்றாமல் அப்படியே கொடுங்கள். மாற்றிய பெயரில் திறந்தால் ‘இல்லை’ என்று வரும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. பெயரின் எல்லை 255 பைட், எழுத்து அல்ல. தமிழில் அது 85 குறிகள். மெய்யின் புள்ளியும் ஒரு குறி, உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனிக் குறிகள். ஊர், தோட்டம், தேதி என்று எல்லாவற்றையும் தமிழில் கோத்துப் பெயர் வைத்தால் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் எல்லை வரும்.

13. காட்டுக் கேமரா கார்டுல அழிஞ்ச படத்தோட பேரை ரீட்டிர்ல எடுக்க முடியுமா?

ரீட்டிரில் முடியாது, அழிந்த பெயரைக் கெர்னல் தராது. கார்டில் இருப்பது ஃபேட்32 ஃபைல் சிஸ்டம் என்றால் கார்டையே படிக்கும் அனுமதியோடு திறந்து டைரக்டரியின் பைட்டுகளைப் பார்க்கலாம். 2-ல் சொன்ன பழைய முறை இங்கே உயிரோடு இருக்கிறது. ஒரு பதிவு 32 பைட். பெயர் 8 எழுத்து, பின்னொட்டு 3 எழுத்து. அழிக்கும்போது முதல் பைட் 229 என்று மாறும், மீதி அங்கேயே கிடக்கும். முதல் பைட் 0 என்றால் அதற்கு மேல் பதிவே இல்லை. பண்புக்கான பைட்டில் 15 இருந்தால் அது நீளப் பெயரின் ஒரு துண்டு. ஒரு துண்டில் 13 யூடிஎஃப்-16 அலகுகள்.

கேமராப் படங்களின் பெயர் 8 எழுத்துக்குள் அடங்குவதால் முதல் எழுத்து மட்டும்தான் தொலையும், அதை ஊகித்துவிடலாம். படத்தின் தரவு பிழைத்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல், முழுக் கார்டையும் ஒரு இமேஜ் ஃபைலாக நகலெடுத்து அந்த நகலில் வேலை செய்யுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் வழக்கமாக எக்ஸ்ஃபேட்டில் வரும்; அதன் பதிவு அமைப்பு வேறு.

14. உள்ளே உள்ளே போற ப்ரோகிராமை லிங்க்ல சுத்தாம, பாதுகாப்பா எழுதறது எப்படி?

முழுப் பாதையை ஒட்டி ஒட்டிப் போனால் இரண்டு ஆபத்து. ‘இது டைரக்டரிதான்’ என்று நீங்கள் சோதித்ததற்கும் திறப்பதற்கும் நடுவில் யாராவது அந்த இடத்தில் ஒரு லிங்கை வைத்துவிடலாம். நடுவில் ஒரு மேல் டைரக்டரியின் பெயர் மாறினாலும் பாதை செத்துப்போகும். ஓபன்அட்டில் மேல் டைரக்டரியின் டிஸ்கிரிப்டரையும் பெயரையும் கொடுத்து, ‘டைரக்டரியாக இருந்தால் மட்டும்’, ‘லிங்கைத் தொடராதே’ என்ற இரண்டு கொடிகளையும் போட்டால் சோதனையும் திறப்பும் ஒரே செயலாகிவிடும். கிடைத்த டிஸ்கிரிப்டரை எஃப்டிஓபன்டிருக்குக் கொடுங்கள். அதன்பின் அதை நீங்கள் தனியாக மூடக் கூடாது, க்ளோஸ்டிரே மூடிவிடும்.

அதே டைரக்டரியை இன்னொரு முறை தனியாகப் படிக்க வேண்டுமென்று டிஸ்கிரிப்டரை டூப் (நகல்) செய்தால் ஏமாறுவீர்கள். டூப் செய்த இரண்டும் ஒரே வாசிப்பு நிலையைப் பங்குபோடும், ஒன்று நகர்ந்தால் மற்றதும் நகரும். ஓபன்அட்டில் ஒரு புள்ளியைத் திறந்தால் தனி நிலை கிடைக்கும். லிங்குகளைத் தொடர்ந்தே ஆக வேண்டிய வேலையானால், போன டைரக்டரிகளின் டிவைஸ் எண்ணையும் ஐநோடு எண்ணையும் ஜோடியாகக் குறித்து வைத்து, திரும்ப வந்தால் விலகுங்கள். அந்த எண்ணை எஃப்ஸ்டாட்டில் வாங்குங்கள். வேறொரு டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும் இடத்தில் டி_இனோ அடியில் மறைந்த டைரக்டரியின் எண்ணைச் சொல்லும்.

15. லட்சக்கணக்குல படம் இருக்கற டைரக்டரி ஏன் இவ்வளவு மெதுவா இருக்கு?

பெயர்களைப் படிப்பது மெதுவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஸ்டாட் போடுவதுதான் மெதுவு. டி_டைப் போதுமென்றால் ஸ்டாட்டே வேண்டாம். வேண்டுமென்றால் பெயர்களை முதலில் சேர்த்து, டி_இனோ வரிசையில் அடுக்கிவிட்டு ஸ்டாட் போடுங்கள். ஹாஷ் வரிசையில் போனால் சுழலும் ஹார்ட் டிஸ்கின் முனை இங்கும் அங்கும் அலையும். ஐநோடு வரிசையில் அந்த அலைச்சல் வெகுவாகக் குறையும். எஸ்எஸ்டியில் இந்த வித்தியாசம் சிறிது.

எல்லாப் படத்தையும் அழித்தபின்னும் டைரக்டரி மெதுவாகவே இருந்தால், எக்ஸ்ட்4-ல் டைரக்டரிக்காக ஒதுக்கிய இடம் பொதுவாகச் சுருங்காது என்பது காரணம். காலி இடங்களையும் கெர்னல் தாண்டித்தான் போக வேண்டும். புதிய டைரக்டரி உருவாக்கி மிச்சத்தை அதற்கு மாற்றிவிட்டுப் பழையதை நீக்குவது எளிய வழி.

16. ரெண்டு த்ரெட்ல படிக்கணும்னா ரீட்டிர்_ஆர் தானே போடணும்?

வேண்டாம். அதை ஜிலிப்சி 2.24-லேயே (2016) கைவிடச் சொல்லிவிட்டார்கள். ஒவ்வொரு த்ரெட்டும் (ஒரே ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் பகுதி) தனியாக ஓபன்டிர் செய்தால் இன்றைய ஜிலிப்சியில் சாதாரண ரீட்டிரே போதும். ஒரே ஸ்ட்ரீமைப் பங்குபோட்டால், ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் படிக்கும்படி லாக் போடுங்கள்.

17. மழைக்காலத்துல கரண்ட் போயிட்டு வந்தா ஃபைல் பேரே காணோம் சார். எஃப்சிங்க் போட்டேனே!

ஃபைலுக்குப் போட்டிருப்பீர்கள், டைரக்டரிக்குப் போட்டிருக்க மாட்டீர்கள். எஃப்சிங்க் அந்த ஃபைலின் தரவையும் ஐநோடையும் டிஸ்கில் சேர்க்கும். அதன் பெயர் இருப்பது டைரக்டரியில், அது வேறு பொருள். பெயர் டிஸ்கில் ஏறும் முன் கரண்ட் போனால், பத்திரமாக எழுதிய தரவுக்குப் போகும் வழி இல்லாமல் போகலாம்.

11-ல் சொன்ன முறையோடு சேர்த்துச் செய்யுங்கள்: தற்காலிகப் பெயரில் எழுதி, அந்த ஃபைலுக்கு எஃப்சிங்க், பிறகு ரீநேம், கடைசியாக டைரக்டரியைப் படிக்க மட்டும் திறந்து அந்த டிஸ்கிரிப்டருக்கும் ஒரு எஃப்சிங்க். ரீட் போட்டால் 21-ம் பிழை தரும் அதே டிஸ்கிரிப்டர்தான், எஃப்சிங்கை மறுக்காது. ஒவ்வொரு சீட்டுக்கும் இப்படிச் செய்தால் வேகம் குறையும் என்பது உண்மை. மழைமானிப் பதிவுகளுக்கு மணிக்கு ஒரு முறை போதும். எடைச் சீட்டில் ஒருவரின் கூலி இருக்கிறது. அங்கே ஒவ்வொன்றுக்கும் செய்யுங்கள்.